கையேந்துவோர் யார்?

2009ஆம் ஆண்டின் கோடையில் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் வாக்காளர் கூட்டமொன்று நடைபெற்றது. காங்கிரஸ் உறுப்பினர் பொப் இங்கிலிஸ் மக்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் எழுந்து, தம்முடைய மெடிக்கெயார் மீது அரசாங்கம் கை வைக்கக் கூடாதென்று கண்டிப்பாகச் சொன்னார். மெடிக்கெயார் என்பது 65 வயதை எட்டியோருக்கு அமெரிக்க அரசாங்கமே நடத்தும் வைத்தியக் காப்புறுதி. 1965இல் ஜோன்சன் ஜனாதிபதியாயிருந்தபோது சட்டமாக்கப்பட்டது. உறுப்பினர் இதனைப் பணிவோடு எடுத்துச் சொல்லியும் அம்மனிதர் ஏற்கவில்லை.

இச்செய்தி உலகெங்கும் பரவிற்று. முற்போக்காளர் பலர் வாய்விட்டுச் சிரித்தனர். அமெரிக்கத் தொழிலாளி மூடன், அவனுக்குத் தன் நன்மை எதுவென்று தெரியாது என்று தீர்ப்பும் கூறினர். இச்சிரிப்பில் நாம் பங்குகொள்ள மறுக்கிறோம். அந்த மனிதரின் அறியாமை அவராகத் தேடிக்கொண்டதன்று. அது அவருக்கு ஊட்டப்பட்டது. ஊட்டியவர்களைத் தப்பவிட்டு, உண்டவரை எள்ளி நகையாடுவது முற்போக்காளரின் வேலையன்று.

அமெரிக்காவில் சாதாரண மக்களின் அரசியற் பேச்சில் அடிக்கடி கேட்கும் கருத்து ஒன்றுண்டு: நான் உழைத்து உண்கிறேன், இன்னொருவன் என் வரிப்பணத்தில் உண்கிறான். இதற்குள் இரண்டு நம்பிக்கைகள் அடங்கியுள்ளன. உதவி பெறுவோர் உழைப்பதில்லை என்பது ஒன்று. உழைப்போர் உதவி பெறுவதில்லை என்பது மற்றது. இரண்டும் பொய்.

முதலாவதைப் பார்ப்போம். உணவு முத்திரையும், வறியோருக்கான வைத்திய உதவியாகிய மெடிக்கெயிட்டும் பெறுவோரைப் பற்றிக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் 2020இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்களுள் கூலிக்கு வேலை செய்யும் வளர்ந்தோரில் ஏறத்தாழ 70 வீதத்தினர் வாரத்துக்கு 35 மணித்தியாலமோ அதற்கு மேலோ உழைப்பவர்கள். இவர்களை அதிகமாக வேலைக்கு வைத்திருந்த நிறுவனங்களின் வரிசையில் வோல்மார்ட் முன்னணியில் நின்றது. மத்திய அரசின் ஆகக்குறைந்த கூலி மணிக்கு 7.25 டொலர் என்று 2009 யூலையில் நிர்ணயமாயிற்று. பதினைந்து ஆண்டுகள் கடந்தும் அது ஒரு சதமேனும் உயரவில்லை. அப்படியாயின் உணவு முத்திரை யாருக்குக் கிடைக்கும் உதவி? தொழிலாளியின் வயிற்றை நிரப்பும் கடமையிலிருந்து முதலாளியை விடுவித்து, அப்பாரத்தை அரசு ஏற்றுக்கொள்கிறது. கைநீட்டி வாங்குபவள் கடைச் சிப்பந்திப் பெண். இலாபம் கணக்கெழுதுபவன் கடைக்குச் சொந்தக்காரன். வெட்கப்பட வேண்டியவர் இருவரில் யாரென்று வாசகரே சொல்லட்டும்.

இரண்டாவது நம்பிக்கையை அரசறிவியலாளர் சுசான் மெற்லர் ஆராய்ந்தார். 2008இல் நடந்த கணிப்பொன்றில், அரசாங்கத்தின் சமூக உதவித் திட்டம் எதையேனும் பயன்படுத்தியதுண்டா என்று மக்களிடம் கேட்கப்பட்டது. இல்லை என்றோர் 57 வீதம். திட்டங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டபோது, அவ்வாறு மறுத்தோரில் 94 வீதத்தினர் ஒன்றையேனும் பயன்படுத்தியிருந்தமை தெரியவந்தது. முதியோர் ஓய்வுப்பணம் பெறுவோரில் 44 வீதத்தினர், வீட்டுக்கடன் வட்டிக்கு வரிக்கழிவு பெற்றோரில் 60 வீதத்தினர் தாம் எதுவும் பெற்றதில்லை என்றே நம்பியிருந்தனர்.

இவர்கள் பொய்யர்களா? இல்லை. அரசு கொடுக்கும் முறையே இப்பொய்யை உண்டாக்குகிறது. ஏழைக்குக் கொடுக்கும்போது அரசு படிவம் கேட்கிறது, சான்று கேட்கிறது, வரிசையில் நிறுத்துகிறது. வீடு வாங்கியவனுக்குக் கொடுக்கும்போது அது வரிக்கணக்கின் ஓரத்தில் ஓசையின்றிக் கழிந்துபோகிறது. பெரிய வீட்டுக்காரனுக்குப் பெரிய கழிவு; வாடகைக்குக் குடியிருப்பவனுக்கு அக்கழிவே இல்லை. ஒன்றின் பெயர் பிச்சை. மற்றதற்குப் பெயரே கிடையாது.

இப்பிரிவினை 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலேயே உண்டு. ஜனாதிபதி றூஸ்வெல்ற் கையெழுத்திட்ட அச்சட்டம், முதுமைக் காப்புறுதியை உழைப்பால் ஈட்டிய உரிமையாகவும், தந்தையற்ற பிள்ளைகளுக்கான உதவியை வறுமையை நிரூபித்துப் பெறவேண்டிய தருமமாகவும் வகுத்தது. உரிமை என்ற பகுதியிலும் வயலில் கூலிக்கு உழைத்தோரும் வீட்டு வேலை செய்தோரும் சேர்க்கப்படவில்லை. தென் மாநிலங்களின் கறுப்பின மக்களிற் பெருந்தொகையினர் செய்த தொழில்கள் அவையே. 1950, 1954ஆம் ஆண்டுகளின் திருத்தங்கள் வரும்வரை அவர்கள் காத்திருந்தனர்.

ஈட்டிய உரிமை என்பதன் கணக்கையும் பார்ப்போம். மாதாந்த ஓய்வுப்பணத்தை முதன்முதற் பெற்றவர் வெர்மொன்ற் மாநிலத்தைச் சேர்ந்த ஐடா மே புல்லர். மூன்றாண்டுகளில் அவர் கட்டியது 24.75 டொலர். 1940 ஜனவரியில் அவர் பெற்ற முதற் காசோலை 22.54 டொலர். நூறு வயது வாழ்ந்து 1975இல் மறைந்தபோது அவர் பெற்றிருந்த மொத்தம் 22,888.92 டொலர். இதில் தவறேதும் இல்லை. முதியவரைச் சமுதாயம் தாங்கிற்று; அது சமுதாயத்தின் பெருமை. ஆயினும் அவரைச் சோம்பேறியென்று யாரும் தூற்றவில்லையே! அந்நாகரிகம் பிள்ளையோடு தனித்து நின்ற ஏழைத் தாய்க்கு ஏன் கிடைக்கவில்லை?

அவளுக்குக் கிடைத்தது வேறு. 1976இல் றேகன் தம் தேர்தற் கூட்டங்களில், பல பெயர்களில் உதவிப்பணம் சுருட்டிய சிக்காகோப் பெண்ணொருத்தியின் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருத்தியின் மோசடி இலட்சக்கணக்கான தாய்மாரின் முகமாயிற்று. 1996இல் கிளின்ரன் கையெழுத்திட்ட சட்டம், பிள்ளைகளுக்கான பழைய உதவித் திட்டத்தை ஒழித்து, மத்திய பணத்திலிருந்து கிடைக்கும் உதவிக்கு ஐந்தாண்டு எல்லை வகுத்தது. மாநிலங்களுக்கான மானியத்தையும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,650 கோடி டொலர் என்று நிறுத்தியது. விலைவாசி ஏற ஏற அத்தொகை தேய்ந்தது.

கருத்து சட்டமாகும்போது மனிதர் நோயுறுகின்றனர். 2018இல் ஆர்க்கன்சோ மாநிலம், உழைத்ததற்குச் சான்று காட்டினாலே மெடிக்கெயிட் என்று விதித்தது. சில மாதங்களுக்குள் 18,000க்கு மேற்பட்டோர் காப்புறுதியை இழந்தனர். ஆராய்ந்தவர்கள் வேலைவாய்ப்புக் கூடியதற்கு ஆதாரம் காணவில்லை. அவ்விதிக்கு உட்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் முன்னரே வேலை செய்தவர்கள், அல்லது விதிவிலக்குக்கு உரியவர்கள். 2019இல் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. இருந்தும், 2025 யூலை 4ஆம் தேதி கையெழுத்தான சட்டம் மாதம் 80 மணித்தியால நிபந்தனையை நாடு முழுவதற்கும் விரித்து, 2027 தொடக்கத்தில் நடைமுறைக்கு வரவேண்டுமென்று விதித்தது. தோற்றுப்போன பரிசோதனையை நாடெங்கும் நடத்துவோரின் நோக்கம் வேலை கொடுப்பதென்று நாம் நம்ப வேண்டுமா?

வறுமை இயற்கையின் விதியென்பாருக்கு அமெரிக்காவே பதில் சொல்லியிருக்கிறது. 2021இல் பிள்ளைகளுக்கான வரிக்கழிவு விரிவாக்கப்பட்டு, மிகப் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பணமாகவே சென்றது. அரசின் கொடுப்பனவுகளையும் சேர்த்துக் கணிக்கும் அளவையின்படி, அவ்வாண்டு பிள்ளைகளின் வறுமை 5.2 வீதமாகத் தாழ்ந்தது. திட்டம் நீடிக்கப்படவில்லை. 2022இல் அது 12.4 வீதம். ஓராண்டுக்குள் அக்குழந்தைகளின் தாய்மார் சோம்பேறிகளாகிவிட்டனரா?

எல்லோருக்கும் உரியதென்று எல்லோரும் அறிந்ததை எவரும் எளிதிற் பறிக்க முடிவதில்லை. 2005இல் ஜோர்ஜ் புஷ் முதியோர் ஓய்வுப்பணத்தின் ஒரு பகுதியைத் தனியார் கணக்குகளுக்கு மாற்ற முயன்று தோற்றார். ஏழைக்கு மட்டும் உரியது 1996இல் எளிதாக விழுந்தது. இப்பாடத்தை நம் மக்களும் அறிவர். கூப்பன் அரிசி வீட்டுக்கு வீடு கிடைத்த காலத்தில், 1953 ஓகஸ்ற் 12ஆம் தேதி, அதன் விலையுயர்வை எதிர்த்து நாடே ஹர்த்தாலில் இறங்கிற்று. பிரதமர் பதவி துறந்தார். பின்னர் அவ்வரிசி பாதிப்பேருக்கு மட்டுமெனச் சுருக்கப்பட்டது. 1979இல் உணவு முத்திரையாயிற்று. அம்முத்திரையின் பெறுமதி விலையேற்றத்திற் கரைந்தபோது ஹர்த்தால் எதுவும் எழவில்லை.

ஆகவே, தென் கரோலினாவின் அந்த மனிதரைப் பார்த்துச் சிரிக்குமுன் நாம் நம்மையே ஒருமுறை பார்த்துக்கொள்வோம். அஸ்வெசும வாங்குவோரைச் சோம்பேறிகளென்று பேசும் குரல் நம் ஆசிரியர் ஓய்வறைகளிலும் கேட்கிறது. அப்படிப் பேசுவோர் இலவசக் கல்வியிற் கற்றவர்கள். அரசாங்க வைத்தியசாலையிற் பிறந்தவர்கள். அரசின் ஓய்வூதியத்தை எதிர்பார்த்திருப்பவர்கள். நாம் எல்லோரும் வாங்குகிறோம். அதை வாய்திறந்து சொல்லும் துணிவு நமக்கு வரவேண்டும். சொல்லாதிருக்கும்வரை, கையேந்துவோன் என்ற பழியை நம் எல்லோருக்குமாக மிக வறியவனே சுமப்பான்.