மண் பிடிப்பதும் நீர் கொண்டுசெல்வதும்

வயலிலும் தோட்டத்திலும் இடப்படும் இரசாயனம் சில நாளில் மறைந்துவிடுகிறதென்பது கமக்காரர் பலரின் எண்ணம். கண்ணுக்கு மறைவது உண்மை. நிலத்தைவிட்டு மறைவது எப்போதும் உண்மையன்று. சில பொருள்கள் மண்ணின் நுண்ணிய துணிக்கைகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. இதனைப் புறத்துறிஞ்சல் என்பர். ஏனையவை நீருடன் கீழிறங்குகின்றன. ஆகவே, ஒரு மருந்தையோ பசளையையோ மதிப்பிடுவோர் அதன் பயனைமட்டும் நோக்குதல் போதாது. அது எந்த மண்ணில் எவ்வளவு ஒட்டுமென்பதையும் அறிதல் வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் இதற்குச் சான்று. அங்கே பல இடங்களிற் சுண்ணக்கல்லின்மேல் செம்மண் மெல்லிய போர்வையாகவே கிடக்கிறது. யூரியா மண்ணில் முதலில் அமோனியமாகிறது. அமோனியம் நேரேற்றமுடையது, மறையேற்றமுள்ள களி அதனைப் பிடித்துவைக்கும். ஆனால் காற்றோட்டமுள்ள தோட்ட மண்ணில் பற்றீரியாக்கள் அதனை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. நைத்திரேற்றோ களியைப்போல் மறையேற்றமுடையது. ஆதலால் களியில் ஒட்டாது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அளவு கடந்து இட்ட பசளை இவ்வாறே கிணற்றை அடைகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமை மீறலாகாதென உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. குடாநாட்டுக் கிணறுகள் பல இவ்வெல்லையைக் கடந்துள்ளமை ஆய்வுகளிற் பன்முறை கண்டறியப்பட்டது.

களைநாசினிகள் சிலவற்றின் இயல்பு இதற்கு மாறானது. நஞ்சுண்டு இறந்தோர் பலராதலால் 2008 முதல் 2011 வரை படிப்படியாக விலக்கப்பட்ட பரகுவாற்று, களியின் படைகளுக்கிடையில் இறுகப் பற்றிக்கொள்ளும். 2015இல் தடைசெய்யப்பட்டுப் பின்னர் 2022இல் தடை நீக்கப்பட்ட கிளைபோசேற்று, மண்ணிலுள்ள இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகளில் ஒட்டும். பொசுபேற்றும் அதே இடங்களையே நாடுவதால், பொசுபேற்றுப் பசளை மிகுந்த மண்ணில் கிளைபோசேற்றுக்கு இடம் குறையலாம்.

ஒட்டிய பொருள் அழிந்த பொருளன்று. மாரியில் மேல்மண் கரைந்தோடும்போது அதுவும் மண்ணோடு குளத்தைச் சேரும். நீரைமட்டும் சோதிப்போர் குறையில்லை எனலாம். நஞ்சோ குளத்தின் அடிச்சேற்றில் தங்கியிருக்கும். எனவே நீருடன் அடையலையும் சோதித்தலே முறை.

புறத்துறிஞ்சலை அளக்கும் முறையின் அடிப்படை எளிது. அளவறிந்த பொருளை நீரிற் கரைத்து, மண்ணுடன் சேர்த்து நெடுநேரம் குலுக்கிப் பின்னர் நீரில் எஞ்சியதை அளப்பர். குறைந்த அளவே மண்ணில் ஒட்டியதாகும். களி, சேதனப்பொருள், அமிலத்தன்மை ஆகியன வேறுபட்டால் இவ்வளவும் வேறுபடும். ஆகையால் அயல்நாட்டு மண்ணிற் பெற்ற எண் கற்பிட்டியின் மணலுக்கும் குடாநாட்டின் செம்மண்ணுக்கும் பொருந்துமெனக் கொள்ளலாகாது. எந்த மருந்தும் சிபாரிசு செய்யப்படுமுன் நம் நாட்டு மண்வகைகளிலேயே சோதிக்கப்படல் வேண்டும். செலவு மிகுமெனச் சிலர் கூறுவர். கெட்ட கிணற்றைத் திருத்தும் செலவு அதனினும் மிகும்.

கமக்காரர் இன்றே செய்யத்தக்கனவும் உள. பசளையை ஒரே முறையில் இடாது பயிரின் தேவைக்கேற்பப் பிரித்திடுக. சேதனப் பசளையிட்டு மண்ணின் பிடிக்குந் திறனை வளர்த்திடுக. கிணற்றருகில் மருந்து கலத்தலையும் தெளிகருவி கழுவுதலையும் தவிர்த்திடுக. வரம்பைப் பேணி மேல்மண் குளத்துக்கு ஓடாது காத்திடுக. மண்ணிடம் ஒப்படைத்ததை மண் ஒருநாள் திருப்பித் தரும். அது விளைச்சலாக வருவதும் நஞ்சாக வருவதும் இடுவோரின் கையிலேயே பெரிதும் தங்கியுள்ளன.