நாலு வீதமும் நாற்பது வீதமும்

சம்பூர், மூதூர், தோப்பூர், கிளிவெட்டி உறவுகளே, பதிவு கொஞ்சம் நீளம். வயல் செய்கிறவர்கள் கடைசிவரை வாசியுங்கள்.

2021 பெரும்போகத்தை நாம் மறக்கவில்லை. மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள். ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து விமானத்தில் நானோ நைதரசன் திரவம் வந்திறங்கியது. அரை லீற்றர் போத்தல் ஒரு மூடை யூரியாவுக்கு ஈடு என்பது அதைத் தயாரித்த இப்கோ நிறுவனத்தின் விளம்பரம். நவம்பரில் தடையையும் நீக்கிவிட்டார்கள்.

அந்த விளம்பரத்தைச் சரிபார்க்க எட்டாம் ஆண்டுக் கணிதம் போதும். திரவத்தில் நைதரசன் 4 வீதம். அரை லீற்றருக்கு ஏறத்தாழ 20 கிராம். 50 கிலோ யூரியா மூடையில் 46 வீதம், அதாவது 23 கிலோ. ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம்! "நானோ என்றால் சின்னது, அதனால கொஞ்சம் போதும்" என்றார்கள். துணிக்கை சின்னதானால் நைதரசன் பெருகுமா? ஒரு சொட்டும் வீணாகாமல் பயிர் உறிஞ்சினாலும் 20 கிராம் 20 கிராம்தான். கோபன்ஹேகன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இருவரும் 2023இல் 'பிளான்ட் அண்ட் சொய்ல்' ஆய்விதழில் இந்த விளம்பரத்தைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள்.

அதற்காக நானோ என்றாலே ஏமாற்று என்பவர்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. 2017இல் 'ஏசிஎஸ் நானோ' என்ற அமெரிக்க ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் நம் நாட்டார்: நில்வலா கொத்தேகொடவும் ஹோமாகம ஸ்லின்டெக் நிறுவனத்து ஆய்வாளர்களும். எலும்பிலும் பல்லிலும் உள்ள ஹைட்ரொக்சிஅபடைட் கனிமத்தை நானோ துணிக்கையாக்கி, ஒரு பங்குக்கு ஆறு பங்கு யூரியாவை அதில் ஒட்டவைத்தார்கள். வெறும் யூரியாவைவிட அது 12 மடங்கு மெதுவாகக் கரைகிறது. நைதரசன் 40 வீதம். நெல்லில் பரீட்சித்தபோது யூரியாவைப் பாதியாக்கியும் விளைச்சல் விழவில்லை.

எங்கள் கோபம் இங்கேதான். நெல்லைப் பற்றி, இந்த மண்ணில் பிறந்த ஆய்வு. தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம்கூட எங்கள் கைக்கு வரவில்லை. நாலு வருடம் கழித்துப் போத்தல் வந்தபோது, அது வேறு, இது வேறு என்று இங்கே யார் வந்து சொன்னார்கள்? ஆங்கில ஜேர்னலில் போட்டால் பதவி உயர்வுக்குப் புள்ளி. வரம்பில் நின்று தமிழில் சொன்னால் என்ன புள்ளி?

விவசாயிக்கு விளங்காது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். எறிந்த யூரியாவை மறுநாள் மழை கழுவிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்து நிற்பவர் அவர். மெதுவாகக் கரையும் பசளை அவருக்கு விளங்காமல் வேறு யாருக்கு விளங்கும்? உயர்தரத்தில் தமிழில் இரசாயனவியல் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் இது விளங்கும். சொல்லத்தான் ஆளில்லை.

அடுத்த விதைப்புக் கூட்டத்தில் கமநல உத்தியோகத்தர்களிடம் கேளுங்கள். எந்தப் புதுப் பசளை வந்தாலும் நைதரசன் எத்தனை வீதம், எந்த வயலில் பரீட்சித்தது, அறிக்கை தமிழில் எங்கே? ஆங்கில அறிக்கையை நீட்டினால் வாங்கி வாருங்கள், பாடசாலையில் உட்கார்ந்து நாங்கள் மொழிபெயர்த்துத் தருகிறோம்.