அடம் யாருடையது?

திருவனந்தபுரத்துக் கடைகளில் பூனைகளுக்கான ஈர உணவுப் பொட்டலங்கள் பெருகிவிட்டன. பூனை முகர்ந்துவிட்டு விலகினால், "அடம், பட்டினி போட்டால் தின்னும்" என்று படித்தவர்களே தீர்ப்புச் சொல்கின்றனர். இத்தீர்ப்பு கொடியது. சில நாள் உண்ணாத பூனைக்கு, குறிப்பாகப் பருத்ததற்கு, கல்லீரலில் கொழுப்புப் படிந்து உயிரே போகக்கூடும்.

பூனை விரும்புவதெல்லாம் நல்லுணவு என்பதும் பிழையே. விழிஞ்ஞத்துச் சாளையைப் பூனை ஆவலுடன் தின்னும். ஆனால் அவ்வினத்து மீன்கள் பலவற்றில், பச்சையாக இருக்கையில், வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி உண்டு. கடை உணவு உண்ட பூனைகளின் இதயநோய்க்கு டாரின் குறைவே காரணம் என்று கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் 1987இல் காட்டினர்.

ஈர உணவில் புரதம் 8 விழுக்காடுதானா என்று முகம் சுளிப்போர், அதிலுள்ள 82 விழுக்காடு நீரைக் கழித்துப் பார்ப்பதில்லை. கழித்தால் புரதம் ஏறத்தாழ 44 விழுக்காடு.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் விலங்குத் தீவனத்தை 'உணவு' என்னும் வரையறைக்குள் சேர்க்கவில்லை. ஆகவே பொறுப்பு வாங்குபவருடையது. 'முழுமையான உணவு' என்று அச்சிட்டிருக்கிறதா, 'துணை உணவு' என்றா? டாரின் உண்டா? முதலில் குறிப்பிடப்படுவது இறைச்சியா, தானியமா? ஆய்வேடுகளின் அடிக்குறிப்பைத் துருவுவோர் இவ்வரிகளைப் படிக்க மறுப்பதே உண்மையான அடம்.