நுண்ணுயிர்க்கும் நஞ்சிடும் தொழில்முதலைகள்!

அசோகு நகர் வீடுகளின் கழிநீர் மண்ணுக்கடியில் ஓடி நெசப்பாக்கம் துப்புரவு நிலையத்தை அடைகின்றது. அங்கே அதனைத் தூய்மை செய்வன பொறிகளல்ல. கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிரிகள்! பொறிகள் அவற்றுக்கு உயிர்வளி ஊட்டுகின்றன; அவ்வளவே. அவை அழுக்கைத் தின்று பெருகிக் கசடாய்த் திரண்டு படிய, தெளிந்த நீர் மேலே நிற்கும். 1914-இல் மாஞ்செசுட்டரில் ஆர்டனும் இலாக்கெட்டும் கண்ட முறை இது. (நுண்ணுயிர் என்றாலே நோய் என நடுங்குவோர், தம் கழிவை நாளும் தீர்ப்பது எதுவென எண்ணிப் பார்ப்பதில்லை.)

முலாம் பூசும் பட்டறையொன்று தன் குரோமியக் கழிவை இச் சாக்கடையிற் கவிழ்ப்பின் நேர்வது என்ன? ஆறிணைதிறக் குரோமிய உப்பு, உருவில் கந்தக உப்பை ஒத்தது. தனக்கு வேண்டிய கந்தக உப்பென ஏமாந்து நுண்ணுயிரி கதவு திறக்கின்றது. உட்புகுந்த நஞ்சு அதன் மரபிழையையே சிதைக்கின்றது! முதலில் மடிவன அமோனியாவை மாற்றும் நைத்திரோசோமோனாசு போன்றவை. பிறவெல்லாம் சில மணி நேரத்தில் இரட்டிக்க, இவற்றுக்கு ஒரு நாளளவு வேண்டும். ஓரிரவு கொட்டிய நஞ்சின் கேடு தீரக் கிழமைகள் ஆகும். அதுவரை அரைகுறையாய்த் தூய்மையுற்ற நீரே அடையாற்றில் விழும். பழியோ நிலையத்துத் தொழிலாளி தலைமேல்!

இது வெற்றச்சமன்று. வேலூர்த் தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பாழ்பட்டதை 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இந்திய உச்சமுறை மன்றமே எடுத்துரைத்தது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் ஒறுப்பு எவ்வளவு? 10,000 உருபா! நிலமிழந்த உழவன் நகைப்பதா, அழுவதா?

“பொதுத் துப்புரவு நிலையம் பார்த்துக்கொள்ளும்” என்பர் முதலாளிமார். எந்த நுண்ணுயிரியும் மாழையைத் தின்று தீர்ப்பதில்லை. அது கசடில் ஒளிந்து கிடக்கும். அத்தகைய கசடு தேக்கிய தொட்டியின் சுவர் 2015 சனவரியில் இராணிப்பேட்டையில் உடைந்தது. பத்துப் பேர் உயிரிழந்தனர்.

ஆறிணைதிறக் குரோமியத்தை மூவிணைதிறமாக்கிச் சுண்ணாம்பிட்டுப் படியவைக்கும் வழியை வேதியல் நூல்கள் என்றோ கூறிவிட்டன. பட்டறைக்குள்ளேயே அதைச் செய்யாமைக்குக் கரணியம் அறியாமையன்று, செலவு! நீர்மாசுச் சட்டம் 1974-இலும் தமிழக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-இலும் வந்தன. பட்டறை வாயிலில், அதுவும் இரவில், கழிநீரை அளந்து பார்க்கட்டும் வாரியம். அளந்ததைத் தெருவார் படிக்கத் தமிழில் எழுதி அவ் வாயிலிலேயே ஒட்டட்டும்!