அப்பாவின் தேத்தண்ணி

போன மாதம் ஹெர்னிங்கில் ஒரு சாமத்தியவீடு. மூன்று தரம் கேட்டும் அப்பா தேத்தண்ணி வேண்டாம் என்றார். வீட்டில் நாளுக்கு ஐந்து தரம் குடிக்கிற மனுசன்! கோப்பையைத் தூக்கினால் கை நடுங்கும், சனம் பார்க்கும்.

அல்ட்ராசவுண்டாலேயே நடுக்கத்தை நிறுத்துகிற சிகிச்சை பற்றி அவருக்குச் சொன்னேன்.

"உது வயித்தில பிள்ளை பாக்கிற மெசின் தானே?"

அதே வகை ஒலிதான். ஆனால் தலையைச் சுற்றி ஆயிரத்துக்கு மேற்பட்ட முனைகளிலிருந்து ஒரே புள்ளிக்கு வரும். தனி அலை ஒன்றும் செய்யாது. எல்லாம் சேருமிடத்தில், மூளையின் தலமஸ் பகுதியில், சில மில்லிமீட்டர் இடம் சூடாகிச் செயலிழக்கும். மண்டையைத் திறப்பதில்லை. எம்.ஆர்.ஐ.க்குள் விழித்தபடி கிடக்கவேணும். இடையிடையே சுருள் கோடு கீறச் சொல்வார்கள். தலையை மட்டும் மொட்டையடிக்கவேணும். (அப்பாவுக்கு அதில் இழக்க அதிகமில்லை.)

'எசென்ஷியல் ட்ரெமர்' என்ற நடுக்கத்துக்கு அமெரிக்காவில் 2016இல் இதற்கு அனுமதி கிடைத்தது. மந்திரமில்லை. சிலருக்கு விறைப்பு, நடையில் தள்ளாட்டம் வரும். சிலருக்கு நடுக்கம் திரும்பவும் வரும். சிலரின் மண்டையோடு ஒலியைச் சரியாக உள்ளே விடாது.

ஆனால் அதெல்லாம் பிறகு. முதலில் எந்த நடுக்கம் என்று தெரியவேணும். பார்க்கின்சனில் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போது நடுங்கும். மற்றதில் கோப்பையைத் தூக்கும்போது. குடும்ப டொக்டரிடம் சொன்னீங்களா என்று கேட்டேன்.

"வயசு போனா நடுங்கும்தானே. அவருக்கு ஏன் கரைச்சல்?"

இத்தனை வருடமாக அந்த அறையில் மொழிபெயர்த்தவன் நான். அவர் சொல்லாததை நானும் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை போகிறோம். அப்பா கீறிய சுருள் கோடு என் பையில் இருக்கிறது.