நட்சத்திரம் கூர்மையா இருந்தா மட்டும் போதுமா?

இப்படி வெச்சுக்குவோம். நம்ம காலேஜ்ல ஒரு வானப் புகைப்படப் போட்டி. கடைசி ரவுண்டுக்கு ரெண்டு படம் வந்திருக்கு. நீங்கதான் ஜட்ஜ்.

முதல் படம், ஓரியன் நெபுலா. மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்து, நூற்றுக்கணக்கான ஃப்ரேம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்தது. ஒவ்வொரு நட்சத்திரமும் ஊசிமுனை மாதிரி இருக்கு. நாய்ஸ் துளிகூட இல்லை.

ரெண்டாவது படம், குளச்சல் கடற்கரை. மணலில் ஏற்றி வைத்த ஒரு வள்ளம், அதுக்கு மேலே பால்வீதி. மொபைலை ஒரு கல்லில் சாய்த்து வைத்து எடுத்தது. ஓரத்து நட்சத்திரங்கள் லேசா இழுபட்டிருக்கு. இருட்டான இடத்தில் நாய்ஸ் புள்ளி புள்ளியா தெரியுது. ஆனா படத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியல.

யாருக்குப் பரிசு கொடுப்பீங்க?

"டெக்னிக்கலுக்கு 50, கலைக்கு 50, கூட்டிப் போடு" என்பதுதான் நமக்குப் பழகிய பதில். கேட்க நியாயமா இருக்கும். ஆனா அந்தக் கணக்கே தப்பு என்பது என் கருத்து. தொழில்நுட்பம் பாஸ் மார்க்காக மட்டும் இருக்கட்டும். ரேங்க் போடும் வேலையைக் கலைக்குக் கொடுங்க. இந்த ரெண்டுக்கும் முன்னாடி வாசலில் ஒரு செக்கிங் வேணும்: நேர்மை.

முதலில் அந்த 50 டெக்னிக்கல் மார்க் எதை அளக்குதுன்னு பாப்போம். ஸ்டாக்கிங் கணக்கு நமக்குத் தெரிஞ்சதுதான். ஃப்ரேம் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்குத்தான் படத்தின் தரம் ஏறும். 16 ஃப்ரேம் அடுக்கினால் 4 மடங்கு, 100 ஃப்ரேம் அடுக்கினால் 10 மடங்கு. அதாவது தெளிவு என்பது பெரும்பாலும் நேரமும் கருவியும். நல்ல டிராக்கர் வாங்க முடிஞ்சவருக்கு, நூறு இரவு தெளிந்த வானம் கிடைக்கிற ஊர்க்காரருக்கு அந்த மார்க் தானா வந்து விழும்.

குளச்சல்காரர் நிலைமை என்ன? நம்ம ஊர் அட்சரேகை சுமார் 8 டிகிரி. அதனால துருவ நட்சத்திரமும் அடிவானத்துக்கு மேலே 8 டிகிரி உயரத்தில்தான் நிக்கும். டிராக்கரின் அச்சை அதை நோக்கித் திருப்பணும். அந்தப் பக்கம் தென்னந்தோப்பு, வீடு, மேகம் எது வந்தாலும் துருவ நட்சத்திரம் காலி. உப்புக்காத்து லென்ஸில் படியும், ஈரப்பதம் மூட்டமா மூடும். துறைமுக வெளிச்சமும் படகு விளக்குகளும் வேற. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போ கடல் கொஞ்சம் இருட்டா கிடக்கும்னு சந்தோஷப்படலாம். ஆனா தென்மேற்குப் பருவமழை மேகம் வந்து நிக்கிறதும் அதே மாசங்கள்லதான்!

பதிலுக்கு இயற்கை நமக்கு ஒண்ணு கொடுத்திருக்கு. பால்வீதியின் மையம் லண்டனில் உச்சிக்கு வரும்போதே அடிவானத்துக்கு மேலே சுமார் 10 டிகிரிதான். குளச்சலில் அது 50 டிகிரிக்கு மேல ஏறும். லண்டன்காரர் தன் ஊரில் இருந்து பார்க்கவே முடியாத தென்சிலுவை, ஏப்ரல், மே மாத இரவுகளில் நம்ம கடலுக்கு மேலே தெரியும். வெறும் கூர்மையை மட்டும் அளக்கிற ஸ்கோர்ஷீட்டில் இதுக்கெல்லாம் கட்டமே கிடையாது.

"அப்போ டெக்னிக்கே வேண்டாமா மக்கா?"ன்னு நீங்க கேட்கலாம். வேணும். கிரீனிச் ராயல் அப்சர்வேட்டரி 2009 முதல் நடத்தும் உலகப் போட்டியில், 2023-இல் ஒட்டுமொத்தப் பரிசு வாங்கியது ஆண்ட்ரோமெடா கேலக்ஸியின் படம். மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர், யான் சாந்தி என்ற மூன்று அமெச்சூர்கள் எடுத்தது. ஆக்சிஜனின் ஒளியை மட்டும் விடுகிற ஃபில்டர் போட்டு, பல இரவுகள் எக்ஸ்போஷர் சேர்த்ததில், கேலக்ஸி பக்கத்தில் யாரும் அதுவரை கவனிக்காத ஒரு பெரிய நீல வில் வெளிப்பட்டது. உலகத்தில் அதிகமா படம் எடுக்கப்பட்ட கேலக்ஸிகளில் ஒன்று அது! வேறு கருவிகளாலும் எடுத்துப் பார்த்து அந்த வில் நிஜம்தான்னு உறுதி செஞ்சாங்க. அங்கே டெக்னிக் சுத்தமா இல்லைன்னா, அது வில்லா, லென்ஸில் பட்ட அழுக்கா என்றே சொல்லியிருக்க முடியாது. அதனாலதான் பாஸ் மார்க் கட்டாயம் என்கிறேன்.

இப்போ அதே போட்டியின் 2020 முடிவைப் பாருங்க. அதே ஆண்ட்ரோமெடா, நிக்கோலா லெஃபோதோ எடுத்த படம். அவர் 3டி பிரிண்ட் செய்த ஒரு பாகத்தை வைத்து, கேமராவை வேணும்னே சாய்வா பொருத்தினார். படத்தின் ஓரங்களில் ஃபோகஸ் கலைஞ்சு நட்சத்திரங்கள் மங்கின. விளைவு என்னன்னா, 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிற கேலக்ஸி கை நீட்டினா எட்டிடும் போலத் தெரியுது. நம்ம 50 மார்க் ஷீட்டை அங்கே கொண்டுபோனா, "ஓரத்தில் ஃபோகஸ் இல்லை"ன்னு மார்க்கைக் குறைச்சிருப்போம். அந்தப் படத்துக்கும் ஒட்டுமொத்தப் பரிசு கிடைச்சது. பிழையா, தேர்வா என்பதை அளவுகோல் சொல்லாது. படத்தைப் பார்க்கிற மனுஷன்தான் சொல்லணும்.

"கலைன்னு விட்டா ஆளாளுக்கு இஷ்டத்துக்குக் கலர் அடிப்பாங்களே?" நியாயமான பயம். ஆனா 1995-இல் ஹப்பிள் எடுத்த 'படைப்பின் தூண்கள்' படத்தின் கலரும் ஒரு தேர்வுதான். சல்ஃபருக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று ஒதுக்கினாங்க. நிஜத்தில் ஹைட்ரஜன், சல்ஃபர் ரெண்டின் அந்த ஒளியும் சிவப்புதான். ரெண்டையும் பிரிச்சுக் காட்டத்தான் அந்த ஏற்பாடு. அதை யாரும் மோசடின்னு சொல்றதில்லை. ஏன்னா எந்தக் கலர் எதைக் குறிக்குதுன்னு வெளிப்படையா சொல்லியிருக்காங்க.

வாசல் செக்கிங்னு நான் சொன்னது இதைத்தான். என்ன செஞ்சீங்களோ, சொல்லிட்டுச் செய்யுங்க. 2023-இல் ஒரு பயனர், வேணும்னே மங்கலாக்கிய நிலா படத்தை மானிட்டரில் வைத்து சாம்சங் மொபைலில் எடுத்துப் பார்த்தார். மானிட்டரில் இல்லாத பள்ளங்கள் எல்லாம் மொபைல் படத்தில் வந்துச்சு. நிலா என்று அடையாளம் கண்டதும் ஏஐ மூலம் விவரத்தைக் கூட்டுகிறோம் என்று நிறுவனமே விளக்கம் கொடுத்தது. அழகா ஒரு படம் வேணும்னா அதில் குறை இல்லை. ஆனா போட்டின்னு வந்துட்டா, வானம் கொடுத்தது எவ்வளவு, மென்பொருள் போட்டது எவ்வளவுன்னு ஜட்ஜுக்குத் தெரியணும்.

அதனால அடுத்த போட்டி நடத்தப் போறவங்களுக்கு நாலு யோசனை.

ஒண்ணு, படத்தோட ரா ஃபைலும், எடுத்த இடம், எக்ஸ்போஷர், எடிட்டிங் பற்றி அஞ்சு வரியும் கட்டாயம். தனித்தனியா எடுத்து ஒட்டிய படமா இருந்தா அப்படியே எழுதணும். மறைச்சா படம் வெளியே.

ரெண்டு, டெக்னிக்கலுக்கு பாஸ், ஃபெயில் மட்டும். அதுக்கு ஒரே கேள்வி: இந்தக் குறை, படம் காட்ட நினைச்சதை மறைக்குதா?

மூணு, ரேங்க் போடும்போது ஜட்ஜ் மூணு பேர் இருக்கட்டும். ஏன் இந்தப் படம்னு ஒவ்வொருவரும் ரெண்டு வரி எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டணும். "ரசனை ஆளுக்கு ஆள் மாறும்" என்பது உண்மை. அதுக்காக, காரணம் சொல்லாமல் மார்க் போடலாம்னு அர்த்தம் இல்லை.

நாலு, கருவியே இல்லாதவங்களுக்குத் தனிப் பிரிவு. கிரீனிச் போட்டியில் ஆனி மாண்டர் பெயரில் ஒரு பரிசு உண்டு. பொதுவில் கிடைக்கும் தொலைநோக்கித் தரவை வைத்தே படம் உருவாக்கலாம். ஜூனோ விண்கலம் எடுத்த வியாழன் படங்களை நாசா இலவசமாவே தருது. ஹாஸ்டல் லேப்டாப் போதும்.

சரி, அந்த ரெண்டு படம்? ஓரியன் பாஸ். வள்ளமும் பாஸ், இழுபட்ட நட்சத்திரம் அந்தப் படம் காட்ட நினைச்சதை மறைக்கல. முதல் பரிசு வள்ளத்துக்குத்தான் என்பது என் வோட்டு. அதே கருவியும் அதே பொறுமையும் இருந்தா அந்த ஓரியனை வேற ஊரில் இருந்து வேற ஒருத்தர் எடுத்திருக்க முடியும். அந்த வள்ளத்தை, அந்த மணலில், அந்த வானத்துக்குக் கீழே வெச்சுப் பார்க்க அங்கே நின்ன ஒரு ஆள் வேணும்.

உங்க வோட்டு ஓரியனுக்கா? தாராளமா போடுங்க. கூடவே ஏன்னு ரெண்டு வரி எழுதி அனுப்புங்க.