கடனை அடைத்துக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்



நம் பாட்டனார்கள் கப்பலேறிய காலம் ஒன்று இருந்தது. 1995 வரை ஹாஜிகள் பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குக் கடல்வழியே சென்றனர். புறப்படுமுன் வீடு வீடாகச் சென்று, "என் மீது உங்களுக்கு ஏதேனும் பாக்கி உண்டா?" என்று கேட்பார்கள். கடனைத் தீர்ப்பார்கள், அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைப்பார்கள், மனம் நோகச் செய்திருந்தால் மன்னிப்புக் கேட்பார்கள். அதன் பிறகே பெட்டி கட்டுவார்கள்.

இன்று நாமும் கப்பலேறத் தொடங்கியிருக்கிறோம், உல்லாசத்துக்காக. அதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாட்டனார் கடனை அடைத்துவிட்டு ஏறினார். பேரன் கடன் வாங்கிக்கொண்டு ஏறுகிறான். இந்த ஒரு மாற்றத்தைப் பற்றியே நான் பேச வந்திருக்கிறேன்.

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வணிகம் செய்யும் என் உறவினர் ஒருவர், மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவுக் கப்பல் பயணம் சென்று வந்தார். "ஒருவருக்கு 30,000 ரூபாய்தான் மாமா, சாப்பாடும் தங்குமிடமும் அதிலேயே அடக்கம்" என்று விளம்பரத்தைக் காட்டியபோது, "போய் வா, பிள்ளைகள் மகிழட்டும்" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். நான்கு பேருக்கு 1,20,000 ரூபாய் என்பதே அன்றைய கணக்கு.

திரும்பி வந்த பின் அவருடைய குறிப்பேட்டை இருவரும் உட்கார்ந்து கூட்டினோம். துறைமுகக் கட்டணம், வரி, கப்பல் பணியாளருக்கான அன்பளிப்பு ஆகியவை 36,000. விளம்பரத்தில் இருந்தது சன்னலே இல்லாத உள்ளறை. கடல் தெரியும் அறைக்கு மேலும் 24,000. திருச்சியிலிருந்து விமானம் 72,000. விசாவும் பயணக் காப்பீடும் 14,000. கப்பலைத் தவறவிடக் கூடாது என்று முன்னாளே சென்று தங்கியதும் உள்ளூர்ப் போக்குவரத்தும் 20,000. போடியிலிருந்து திருச்சிக்குப் போக வர கார் வாடகை 9,000. கப்பலில் இணையம், பானங்கள், நிழற்படங்கள், கரையில் இறங்கிச் சுற்றிப் பார்த்தது எல்லாம் 26,000. புது உடையும் பெட்டிகளும் 15,000. மொத்தம் 3,36,000 ரூபாய்.

கையில் இருந்தது போதவில்லை. இரண்டு லட்சம் தனிநபர் கடன். மாதம் 9,700 வீதம் 24 தவணை. அசலுக்கு மேல் 32,800 ரூபாய் வட்டி. ஒன்றேகால் லட்சத்துக்கும் குறைவாகத் தொடங்கிய பயணம் 3,68,800 ரூபாயில் முடிந்தது. மும்மடங்குக்கும் மேல்.

சகோதரர்களே, இது ஏமாறத் தெரிந்த ஒருவரின் கதை அன்று. இவர் ஏலக்காய் மூட்டைக்குள் கையை விட்டுப் பாராமல் ஒரு கிலோகூட வாங்காதவர். காயின் பருமனை மில்லிமீட்டரில் பார்ப்பார், லிட்டர் எடை பார்ப்பார், நிறம் பார்ப்பார். ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோதான் மிஞ்சும் என்பதை நன்கு அறிந்தவர். காய் சுருங்கும் என்று தெரிந்த அவருக்குச் செலவு வீங்கும் என்று தெரியாமற் போனது எப்படி? தொழிலில் கண் திறந்திருக்கிறது; ஆசையில் மூடிக்கொள்கிறது. அவ்வளவே.

இதே மலையில் முன்னோர் நடந்த வழியைப் பாருங்கள். ஒரு காலத்தில் மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் குரங்கணி அடிவாரத்துக்கு இறங்கியது. அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்கு வந்தது. பின்னர் தூத்துக்குடி சென்று கப்பலேறியது. சரக்கை அனுப்புகிறவன் கம்பிவடத்தின் செலவையும் வண்டிக் கூலியையும் துறைமுகக் கூலியையும் கூட்டிய பிறகே இலாபமா நட்டமா என்று பேசுவான். கப்பல் கட்டணம் மட்டுமே செலவு என்று அவன் எண்ணியிருந்தால் ஒரே பருவத்தில் கடையை மூடியிருப்பான். தேயிலைப் பெட்டிக்குப் போட்ட கணக்கை நம் குடும்பத்துக்குப் போட மறுப்பது ஏன்?

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே ஈரத்தைக் கண்டு, அதை மேலே தெரியும்படி வைக்காத வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மேலே உலர்ந்த தானியம், அடியில் ஈரம். பெரிய எழுத்தில் 30,000, அடியில் சிறிய எழுத்தில் "வரிகளும் கட்டணங்களும் தனி". இரண்டுக்கும் என்ன வேறுபாடு? விற்பவர் வெளிப்படையாகச் சொல்வது அவர் கடமை. குவியலுக்குள் கையை விட்டுப் பார்ப்பது நம் கடமை. நாம் நம்முடையதைச் செய்யவில்லை.

"தவணைதானே, அதுவும் வட்டியில்லாத் தவணை" என்று சிலர் சொல்வார்கள். வட்டியில்லாத் தவணை என்று விற்கப்படுவதன் உள்ளே பெரும்பாலும் வட்டி இருக்கிறது. வட்டித் தொகையை விற்பனையாளர் முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழிக்கிறார். கடன் அட்டைக் கணக்கிலோ வங்கி வட்டியையும் அந்த வட்டியின் மீது ஜி.எஸ்.டி.யையும் எழுதுகிறது. பெயரை மாற்றினால் பொருள் மாறிவிடுமா? அல்-பகராவின் 275-ஆம் வசனம் முதல் வட்டியைக் குறித்து அல்லாஹ் விடுக்கும் எச்சரிக்கையை ரமளான் இரவுகளில் ஓதக் கேட்டு அழுகிறோம்; ஷவ்வாலில் தவணைப் படிவத்தில் கையெழுத்திடுகிறோம். சோற்றுக்கு வழியில்லாதவன் வட்டிக்கு வாங்கினால் அவனுக்காக நெஞ்சு பதறுகிறது. கடற்காற்று வாங்க வட்டி கொடுப்பவனுக்கு என்ன நியாயம் சொல்வது?

அந்தக் கடனின் சுமையைச் சுமந்தது யார் என்பதையும் கேளுங்கள். ஏலக்காய் விலை நிலையில்லாதது. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன காய், 2022-இல் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியதை நாம் பார்த்தோம். விலை இறங்கும், தவணை இறங்காது. என் உறவினருக்கும் அந்த மாதம் வந்தது. வங்கிக்குத் தேதி தவறாமல் 9,700 போயிற்று. அவரிடம் காய் தரம் பிரிக்கும் பெண்களுக்கு இரண்டு வாரக் கூலி நின்றது. உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கப்பலைக் கண்ணாலும் காணாத அந்தப் பெண்கள் நம் பயணத்துக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள், அவர்களைக் கேட்காமலே. இதை அவர் என்னிடம் சொன்னபோது தலைகுனிந்தார். "போய் வா" என்று சொன்ன நானும் குனிந்தேன்.

மூன்று தீனார் கடனோடு இறந்த ஒருவருக்கு ஜனாஸா தொழுவிக்க நபி (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்தார்கள். புகாரியில் வரும் செய்தி இது. அந்த மனிதர் எதற்காகக் கடன் வாங்கினார் என்று நமக்குத் தெரியாது. நம்முடையது எதற்கு என்று நமக்குத் தெரியும்.

மறுபுறம், கப்பல் பயணமே கூடாது என்று தீர்ப்புச் சொல்லும் நண்பர்களுக்கும் ஒரு சொல். அனுமதிக்கப்பட்ட மகிழ்ச்சியைத் தடைசெய்ய நமக்கு உரிமையில்லை. கடலில் கப்பல் செல்வதை அல்லாஹ் தன் அருட்கொடைகளில் ஒன்றாகவே எண்ணிக் காட்டுகிறான். பயணிக்குத் தொழுகையைச் சுருக்கிக் கொள்ளும் சலுகையும் உண்டு. ஆனால் மதுவும் சூதாட்டமும் இருக்கும் இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறோம் என்பதை மறக்கலாகாது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட கார்டீலியா கப்பலுக்குப் புதுச்சேரியில் அனுமதி மறுக்கப்பட்டது, அதிலிருந்த சூதாட்ட வசதியை ஒட்டியே. உணவு ஹலாலா, அறை எங்கே இருக்கிறது, எந்தத் தளத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதை முன்பே விசாரிக்க வேண்டும்.

செல்ல விரும்பும் குடும்பங்களுக்கு நான் சொல்லும் ஒழுங்கு இது. முதலில் ஸகாத், கூலி, பழைய கடன். பிறகு ஹஜ் கடமையானவர் அதற்கு முதலிடம் கொடுக்கட்டும். அதன்பின் மிஞ்சுவதே பயணப் பணம்.

முகவரிடம் "ஒருவருக்கு எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "எங்கள் வீட்டு வாசலிலிருந்து கிளம்பி வாசலுக்குத் திரும்பும் வரை, எல்லா வரியும் சேர்த்து, குடும்பத்துக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். அன்பளிப்பு கட்டாயமா, நாள் கணக்கா, ஆள் கணக்கா? கட்டணம் ரூபாயிலா, டாலரிலா? பயணத்தை ரத்துசெய்தால் எவ்வளவு திரும்பும்? வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு முன்கூட்டியே பிடிக்கப்படும் டி.சி.எஸ். வரியை வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்குக் கையிலிருந்து போகும் பணம் அதுவும்.

கப்பலில் பணம் கைமாறாது. அறை அட்டையைத் தட்டினால் கணக்கில் ஏறும். நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது வலிக்கும் கை, அட்டையைத் தட்டும்போது வலிப்பதில்லை. ஆகவே பிள்ளைகளின் அட்டையில் செலவு வசதியை முடக்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் இரவும் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். பணியாளர் அன்பளிப்பை மட்டும் குறைக்கப் பார்க்காதீர்கள். வீட்டைப் பிரிந்து மாதக்கணக்கில் உழைப்பவரின் வருமானம் அது.

மொத்தத் தொகையை மாதங்களால் வகுத்துச் சேமியுங்கள். ஓராண்டில் சேரவில்லையா, இரண்டாண்டு காத்திருங்கள். செலவில் வீண்விரயமும் வேண்டாம், கஞ்சத்தனமும் வேண்டாம் என்று அல்-ஃபுர்கான் 67-ஆம் வசனம் காட்டும் நடுவழி இதுவே. காத்திருக்கும் ஆண்டில் பிள்ளைகளைக் குரங்கணிக்கு அழைத்துச் சென்று கொட்டகுடி ஆற்றங்கரையில் உட்கார வையுங்கள். இந்தக் குடும்பம் எதையும் கடனுக்கு அனுபவிப்பதில்லை என்பதை அங்கே சொல்லிக் கொடுங்கள். கப்பலைவிட அந்தப் பாடம் அவர்களுக்கு நெடுநாள் உதவும்.

என் உறவினருக்கு இன்னும் பதினொரு தவணை இருக்கிறது. கூலிப் பாக்கியை முழுதாகக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண்களிடம் மன்னிப்பும் கேட்டார். பாட்டனார் கப்பலேறும் முன் செய்ததை, பேரன் கப்பலிலிருந்து இறங்கிய பின் செய்திருக்கிறார். அடுத்தவராவது வரிசையை மாற்றாதிருக்கட்டும்.

அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், வட்டியிலிருந்து பாதுகாப்பையும், கடனில்லாத மரணத்தையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.